பாழ் என்று ஒரு சொல்

ஆகஸ்ட் வில்ஸனின் பத்து நாடகங்களையும் வரிசையாகப் படித்து முடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. ஒன்பதாவதை முடிக்கும் வரையில், அகப்பட்ட நண்பர்களிடமெல்லாம் அவரைப் பற்றிப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பத்தாவதான 'ரேடியோ கோல்ஃப்' நாடகத்தைப் படித்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஏமாற்றந்தான் காரணம். புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சில மாதங்களுக்குப் பிறகு மறுபடியும் எடுத்துப் படித்தேன். என் அபிப்பிராயம் மாறியது. ஆனால் முழுக்க மாறவில்லை. எவ்வளவு மாறியது, எவ்வளவு மாறவில்லை என்று கணக்குப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வில்ஸனை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1945-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தின் ஹில் பகுதியில் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பொது நூல்நிலையத்தில் உட்கார்ந்து தாமாகவே படித்தவர். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு நாடகம் என்று பத்து நாடகங்கள் எழுதினார். அவற்றில் ஒன்பது பிட்ஸ்பர்க்கில் நடப்பவை. இரண்டு முறை புலிட்ஸர் பரிசு பெற்றார். 'ரேடியோ கோல்ஃப்' 2005-ம் வருஷம் ஏப்ரலில் முதன்முதலாக மேடையேறியது. அதே வருஷம் அக்டோபரில் அவர் காலமானார். அறுபதே வயது.

இந்த நாடகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த ஹில் பகுதிக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம். அது தெரியாவிட்டால் நாடகத்தில் வரும் மனிதர்கள் ஒரு பழைய வீட்டுக்காக இவ்வளவு அடித்துக்கொள்வானேன் என்றுதான் தோன்றும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் பிட்ஸ்பர்க் புகை மண்டிய இரும்பாலை நகரம். அதைப் புதுப்பித்தே தீருவது என்று இரண்டு பேர் கைகோத்துக் கொண்டார்கள். ஒருவர் டேவிட் லாரன்ஸ். 1946 முதல் 1959 வரையில் மேயராக இருந்தவர், டெமாக்ரடிக் கட்சிக்காரர். மற்றவர் ரிச்சர்ட் கிங் மெலன். பெரிய பாங்கர் குடும்பம், ரிபப்ளிகன் கட்சி. ஒருவரிடம் ஓட்டு இருந்தது, மற்றவரிடம் பணம் இருந்தது. கட்சி வேறானாலும் காரியம் ஒன்றாகிவிட்டது. புகை குறைந்தது, நதிக்கரை அழகாயிற்று. இவையெல்லாம் மெய்யான நன்மைகள், யாரும் மறுப்பதற்கில்லை.

அதே கைகள்தாம் ஹில்லின் கீழ்ப் பகுதிக்கும் வந்தன. கறுப்பர்கள் அங்கே பெரும்பான்மையாக இருந்தார்கள். இத்தாலியர், யூதர், சிரியர் என்று வேறு பலரும் கலந்து குடியிருந்தார்கள். கடைகளும் ஜாஸ் சங்கீத விடுதிகளும் மாதா கோயில்களும் நெருங்கியிருந்த இடம். 1956-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். 95 ஏக்கர் நிலம். ஏறக்குறைய 1,300 கட்டிடங்கள். நானூறுக்கு மேற்பட்ட கடை கண்ணிகள். சுமார் 8,000 ஜனங்கள் வெளியேறினார்கள். அப்போது வில்ஸனுக்குப் பதினொரு வயது.

அந்த இடத்தில் என்ன கட்டினார்கள்? சிவிக் அரீனா என்ற பெரிய வட்ட அரங்கம். எஃகுக் கூரை, வேண்டும்போது திறந்துகொள்ளும். திறந்த வானத்தின் கீழ் இசை நாடகம் பார்க்கலாம் என்பது யோசனை. 1961-ல் திறந்தார்கள். இசை நாடகக் குழு பின்னால் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது. 1967 முதல் அது ஐஸ் ஹாக்கி விளையாட்டுக்கு இடமாயிற்று. சுற்றிலும் மோட்டார் வண்டிகள் நிறுத்துகிற வெட்டவெளி. இடித்த அளவுக்குக் கட்டவேயில்லை. அறுபதுகளில், மேற்கொண்டு இடிக்க வந்தபோது, கிராஃபர்ட் தெரு முனையில் ஜனங்கள் ஒரு பெரிய பலகை நட்டார்கள்: இதைத் தாண்டிப் புனரமைப்பு வரக்கூடாது என்று. இடிப்பு அந்த முனையோடு நின்றது.

இவ்வளவும் சட்டப்படி நடந்தது என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. என் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரப்போகிறது. சட்டத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் அதை 'பிளைட்' என்பார்கள். பயிருக்கு வருகிற கருகல் நோய்க்கு உள்ள பெயர். ஒரு பகுதியைப் பார்த்து நகரசபை அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் போதும். நில ஆர்ஜிதம் செய்யலாம், மத்திய சர்க்காரின் பணமும் வரும். தமிழில் 'பாழ்' என்று வைத்துக்கொள்வோம். பயிரில் கருகல் விழுந்தால் குடியானவன் அந்தச் செடியோடு விவாதம் செய்வதில்லை, பிடுங்கி எறிகிறான். ஜனங்கள் குடியிருக்கும் தெருவுக்கு அந்தச் சொல்லைச் சூட்டிய பிறகு, பேச என்ன மிச்சம் இருக்கிறது?

என் நண்பர் ஒருவர் கட்டிட இன்ஜினீயர். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "ஏன் ஸார், குழாய் இல்லாத வீடு, கக்கூஸ் இல்லாத வீடு. அதை இடித்தால் உங்களுக்கு என்ன கஷ்டம்? நீங்களா போய்க் குடியிருக்கப் போகிறீர்கள்?" என்றார்.

அவர் கேட்டது நியாயந்தான். அந்த வீடுகளில் பல மோசமான நிலையில் இருந்தன. புனரமைப்பை ஹில்லிலேயே பலர் வரவேற்றார்கள். 1945-ல் பென்ஸில்வேனியா சட்டசபை நகரப் புனரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதற்குத் துணை நின்றவர்களில் ஹோமர் பிரவுனும் ஒருவர். அவர் ஹில்லின் பிரதிநிதி, கறுப்பர், கறுப்பர் உரிமைக்காகப் பாடுபட்டவர். தம் ஜனங்களுக்கு நல்ல வீடு கிடைக்கும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். வீடு போயிற்று, வீடு வரவில்லை. ஆகவே இந்தக் கதையில் வெள்ளைக்காரன் வில்லன், கறுப்பன் நிரபராதி என்று கோடு கிழித்துவிட முடியாது. வில்ஸனுக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய பெருமையே அங்கேதான் இருக்கிறது.

'ரேடியோ கோல்ஃப்' நாடகத்துக்கு முந்தி, 1990-ல், அவர் 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். கதை நடப்பது 1969-ல். மெம்ஃபிஸ் லீ என்பவர் ஹில்லில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். தெரு காலியாகிக்கொண்டு வருகிறது. கடையிருக்கும் கட்டிடத்தை நகரசபை எடுத்துக்கொள்ளப் போகிறது. அவர் கேட்பது 25,000 டாலர். ஒரு காசு குறைந்தாலும் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. தெற்கே மிஸ்ஸிஸிப்பியில் அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. தண்ணீர் கிடைக்காத நிலம் என்று வாங்கினார். பாடுபட்டுத் தோண்டித் தண்ணீர் கண்டார். உடனே, தண்ணீர் அகப்பட்டால் கிரயம் செல்லாது என்று பத்திரத்தில் ஒரு ஷரத்து இருப்பதைக் காட்டினார்கள். அவருடைய கோவேறு கழுதையைக் கொன்றார்கள். அவரை ஊரை விட்டே விரட்டினார்கள். பத்திரம் என்பது யார் கையில் ஆயுதம் என்று இந்த ஒரு சம்பவத்திலேயே வில்ஸன் சொல்லிவிடுகிறார்.

அதே கடைக்கு ஹாம்போன் என்ற ஒரு பித்துக்குளி வருவான். ஒன்பதரை வருஷத்துக்கு முன்னால் எதிர்த்த இறைச்சிக் கடைக்காரருக்கு வேலி வர்ணம் அடித்துக் கொடுத்தான். பேசிய கூலி உப்பிட்ட பன்றித்தொடை ஒன்று. கடைக்காரர் கொடுத்ததோ ஒரு கோழி. அன்று முதல் தினம் காலையில் கடை வாசலில் நின்று தன் கூலியைக் கேட்கிறான். வேறு பேச்சே அவனுக்குக் கிடையாது. கேட்டுக் கேட்டே செத்துப் போகிறான். கடைசியில் ஸ்டெர்லிங் என்ற இளைஞன் அந்தக் கடையை உடைத்துப் பன்றித்தொடையை எடுத்துவந்து சவப்பெட்டியில் வைக்கக் கொடுக்கிறான். மெம்ஃபிஸுக்கோ கேட்டதற்கு மேல் 35,000 டாலர் கிடைத்துவிடுகிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் வில்ஸனின் முழு யோசனையும் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒருவனுக்கு விலை கிடைத்தது; நல்ல விலைதான். இன்னொருவன் விலை கேட்கவில்லை, பாக்கியைக் கேட்டான். கோழி விலை மதிப்பில் எவ்வளவு குறைச்சல் என்று கணக்குப் போட்டுச் சில்லறை கொடுத்திருந்தால் அவன் வாங்கியிருக்க மாட்டான். நகரத்தைக் கட்டுகிறவர்களுக்கு விலை புரியும், பாக்கி புரியாது. நஷ்ட ஈடு கொடுத்தாயிற்றே என்பார்கள். நூறு வருஷம் ஒரு தெருவில் கூடி வாழ்ந்ததற்கு என்ன நஷ்ட ஈடு என்று கேட்டால் பித்துக்குளி என்று நினைப்பார்கள்.

இப்போது 'ரேடியோ கோல்ஃப்' நாடகத்துக்கு வருகிறேன். வருஷம் 1997. ஹார்மண்ட் வில்க்ஸ் நிலபுலன் வியாபாரத்தில் பரம்பரைப் பணக்காரர், கறுப்பர். பிட்ஸ்பர்க்கின் முதல் கறுப்பு மேயராவதற்குத் தேர்தலில் நிற்கப்போகிறார். அவருடைய கூட்டாளி ரூஸ்வெல்ட் ஹிக்ஸ், மெலன் பாங்கில் உத்தியோகம் பார்ப்பவர், கோல்ஃப் பைத்தியம். இருவரும் சேர்ந்து ஹில்லில் பெரிய அடுக்கு மாடி வீடுகளும் கடைகளும் கட்டத் திட்டம் போடுகிறார்கள். சர்க்கார் பணம் வரவேண்டுமானால் அந்தப் பகுதியைப் பாழ் என்று அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வருகிறது. இருவரும் குதூகலிக்கிறார்கள். தாங்கள் பிறந்து வளர்ந்த இடத்தைப் பாழ் என்று சொன்னதற்கு இந்தக் கொண்டாட்டம்!

இந்தக் கட்டம் ஒன்றுக்காகவே நாடகத்தைப் படிக்கலாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மற்றவர்கள் சூட்டிய சொல்லை இப்போது இந்த ஊர்ப் பிள்ளைகளே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இருவரும் அயோக்கியர்கள் அல்ல. ஹார்மண்ட் தம் அறையில் மார்ட்டின் லூதர் கிங் படத்தை மாட்டுகிறவர். ஊருக்கு நல்லது செய்வதாக உண்மையாகவே நம்புகிறவர். அவர் வீற்றிருக்கும் நாற்காலியும், அவர் படித்த படிப்பும், அவர் கையெழுத்துப் போடும் காகிதமும் சேர்ந்து அவரை அந்தச் சொல்லுக்குக் கொண்டுவந்து விடுகின்றன.

திட்டத்துக்குக் குறுக்கே ஒரு பழைய வீடு நிற்கிறது: வைலி அவென்யூ 1839-ம் நம்பர். அத்தை எஸ்தர் வாழ்ந்த வீடு. வில்ஸனின் மற்ற நாடகங்களைப் படித்தவர்களுக்கு அவள் யாரென்று தெரியும். அடிமைக் கப்பல் வந்த நாளிலிருந்து உயிரோடு இருப்பதாகச் சொல்லப்படும் கிழவி. மனம் நொந்தவர்கள் தேடிப் போகும் இடம். அவள் போன பிறகு பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கு ஓல்ட் ஜோ என்ற கிழவர் வந்து, என் வீடு என்று வர்ணம் பூச ஆரம்பிக்கிறார். 'டூ ட்ரெயின்ஸ்' நாடகத்தில் பன்றித்தொடை திருடிய அதே ஸ்டெர்லிங், இப்போது நடுவயதுக்காரன், அவருக்குத் துணை நிற்கிறான்.

ஹார்மண்ட் பழைய காகிதங்களைப் புரட்டுகிறார். வரிப் பாக்கிக்காக நகரசபை அந்த வீட்டை அவருக்கு விற்றது முறைப்படி நடக்கவில்லை. பகிரங்க ஏலத்துக்கு வருமுன்பே கைமாறிவிட்டது என்று கண்டுகொள்கிறார். பிறகு, கிழவர் தமக்கு உறவு என்பதும் தெரியவருகிறது. வீட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றிக் கட்டலாம் என்று திட்டத்தை மாற்றச் சொல்கிறார். ரூஸ்வெல்ட் சம்மதிக்கவில்லை. அவருக்குப் பின்னால் பெர்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார முதலாளி இருக்கிறார். கறுப்பர் பங்கு இருந்தால் சலுகை கிடைக்கும் என்பதற்காக ஒரு ரேடியோ நிலையத்தை வாங்க முன்பே ரூஸ்வெல்டின் முகத்தை உபயோகித்துக்கொண்டவர். இப்போது அவர் பணத்தில், கூட்டு ஒப்பந்தத்தின் ஷரத்தைப் பிடித்து, ரூஸ்வெல்ட் ஹார்மண்டை வெளியே தள்ளுகிறார். ஹார்மண்ட் வர்ணத் தூரிகையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டை நோக்கிக் கிளம்புகிறார். வீடு தப்பியதா என்று வில்ஸன் காட்டவில்லை.

முதல் தடவை படித்தபோது என்னை உறுத்தியது அந்தக் கிரயப் பத்திரந்தான். மெம்ஃபிஸின் கதையில், பத்திரம் வலுத்தவன் கை ஆயுதம் என்று எழுதிய ஆசிரியர், கடைசி நாடகத்தில் அதே பத்திரத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து அதன் மேல் தம் கதாநாயகனின் மனச்சாட்சியை நிறுத்துகிறாரே என்று வருத்தப்பட்டேன். ஏலம் ஒழுங்காக நடந்திருந்தால்? ஒரு விளம்பரம் பத்திரிகையில் வந்திருந்தால்? அப்போது ஹார்மண்ட் நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா? அந்த வீட்டை இடிப்பது சரியாகிவிடுமா? 1956-ல் 8,000 பேரை வெளியேற்றியதில் சட்டப் பிழை ஏதும் தேவைப்படவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். சட்டம் மீறப்பட்ட ஒரு வீட்டைப் பற்றி அழுத்தமாக எழுதும்போது, சட்டம் மீறாமல் இடித்த 1,300 கட்டிடங்கள் கண்ணுக்குத் தப்பிப்போகின்றன. போதாக்குறைக்கு உறவு வேறு. ஒன்றுக்கு இரண்டு ஊன்றுகோல். கிழவர் யாரோ ஒருவராகவும் பத்திரம் சுத்தமாகவும் இருந்து, அதன் பிறகும் ஹார்மண்டின் கை நடுங்கியிருந்தால் அது இன்னும் பெரிய நாடகமாகியிருக்கும். இதை இன்றும் சொல்கிறேன்.

ஹார்மண்டின் மனைவி மேம் விஷயத்திலும் எனக்குக் குறை உண்டு. கெட்டிக்காரி, தன் உத்தியோகத்தையும் புருஷனின் தேர்தலையும் சேர்த்துச் சுமக்கிறவள். அவளுக்குப் பேச வேண்டிய நியாயங்கள் நிறைய இருக்கின்றன. வில்ஸன் அவளுக்குக் கதவருகே நின்று கவலைப்படும் வேலைதான் கொடுத்திருக்கிறார்.

பெர்னி ஸ்மித்தை மேடைக்கே கொண்டுவராததையும் முதலில் குறையென்றுதான் நினைத்தேன். உண்மையான அதிகாரம் டெலிபோனுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மேடையில் இரண்டு கறுப்பர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இது நியாயமா என்று கேட்டேன். இரண்டாம் முறை படித்தபோது, அதுதான் நியாயம் என்று பட்டது. ஊரில் நடப்பது அதுதானே? பணம் போடுகிறவன் தெருவுக்கு வருவதில்லை. தெருவுக்குத் தெரிந்த முகம் ஒன்று கையெழுத்துப் போடுகிறது. வசவும் அதற்குத்தான் கிடைக்கிறது.

பத்திரத்தைப் பற்றியும் அப்போது வேறொன்று தெரிந்தது. பிழையைக் கண்டுபிடித்ததால் ஹார்மண்டுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. அவருடைய நியாயமான காகிதத்தை இன்னொருவனுடைய பலமான காகிதம் அடித்துவிடுகிறது. மெம்ஃபிஸுக்கு மிஸ்ஸிஸிப்பியில் ஒரு ஷரத்து செய்ததை, அரை நூற்றாண்டுக்கும் அதிக காலத்துக்குப் பிறகு, இன்னொரு ஷரத்து சூட்டும் கோட்டும் போட்ட ஹார்மண்டுக்குச் செய்கிறது. பணமும் படிப்பும் பதவி ஆசையும் எல்லாம் சேர்ந்தும் அவரை அந்தக் குடியானவர் நின்ற இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஆகவே பத்திரத்தை நம்பிய தவறு ஆசிரியருடையது மாத்திரமல்ல, ஹார்மண்டுடையது. அந்தத் தவறு அவருக்கு வெளிச்சமாகிற இடத்தில் நாடகம் முடிகிறது. என் அபிப்பிராயம் மாறியது இந்த இடத்தில்தான்.

நாடகம் எழுதி முடித்த பிறகு ஊரில் என்ன நடந்தது என்பதும் நாடகத்துக்கு ஒரு விமரிசனந்தான். 2007-ல் அரீனா இருந்த நிலத்தில் 28 ஏக்கரை அபிவிருத்தி செய்யும் உரிமை ஹாக்கிக் குழுவுக்குப் போயிற்று. 2008-ல் ஹில் ஜனங்கள் போராடி ஓர் ஒப்பந்தம் வாங்கினார்கள். ஒரு நல்ல மளிகைக் கடை வரவேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. கடை 2013-ல் வந்தது, 2019-ல் மூடிவிட்டார்கள். எஃகுக் கூரை அரீனாவை 2012-க்குள் இடித்துத் தள்ளினார்கள். ஐம்பது வருஷந்தான் அதற்கு ஆயுள்! ஹார்மண்ட் அடைய விரும்பிய நாற்காலியில் 2022 ஜனவரியில் எட் கெய்னி என்பவர், பிட்ஸ்பர்க்கின் முதல் கறுப்பு மேயராக, உட்கார்ந்தார். 2025 மே மாதம் நடந்த கட்சித் தேர்தலில் தோற்றார். நாற்காலியில் அமரும் முகம் மாறுவது நல்லதுதான். வெகு நாள் தாமதமான நன்மை. ஆனால் 1956-ல் போன 95 ஏக்கரை எந்த முகமும் திருப்பித் தர முடியாது.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். என்னுடைய நாவல் ஒன்றில் ஒரு தெருவை இடிக்கிற அத்தியாயம் வருகிறது. இடிப்பதற்கு ஒரு காண்டிராக்டரைப் படைத்தேன். கை நிறைய மோதிரம், வாய் நிறைய வெற்றிலை, பை நிறைய லஞ்சம். வாசகர்கள் அவனை வெறுத்தார்கள். எனக்குக் கடிதம் எழுதினார்கள். நானும் மகிழ்ந்து போனேன். வில்ஸனைப் படித்த பிறகு அந்த அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. லஞ்சம் வாங்காத அதிகாரி, முறைப்படி வந்த நோட்டீஸ், ஊருக்கு நல்லது என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட கதாநாயகன்: இப்படி எழுதியிருந்தால் நான் யாரைத் திட்டியிருப்பேன்? வில்ஸனின் ஊன்றுகோல்களைப் பற்றி இவ்வளவு பேசினேனே, என்னுடையது அதைவிடத் தடித்த கோல்.

படிக்க விரும்புகிறவர்கள் 'ரேடியோ கோல்ஃப்' நாடகத்தை மாத்திரம் தனியாக எடுக்க வேண்டாம். 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' நாடகத்தை முதலில் படியுங்கள். அந்தப் பித்துக்குளி தன் கூலியைக் கேட்கும் குரல் காதில் இருக்கும்போதே இதைத் தொடங்கினால், பாழ் என்ற சொல் வரும் இடத்தில் ஒரு கணம் நின்று யோசிப்பீர்கள். நான் முதல் தடவை நிற்காமல் போய்விட்டேன்.